சீல் வைத்த துண்டு

அம்மா இன்றைக்கு பாஸ் ஆகிவிட்டாள். அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மணி ஒன்றேகால். பக்கத்தில் அம்மாவும் தூங்கவில்லை, தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறாள். இதுவரை மூன்று தடவை எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். என் அம்மா அப்படிப்பட்ட ஆள் கிடையாது. வெங்கமேட்டில் எங்கள் வீட்டுக் கதவு முந்தாநாள் வரைக்கும் வெறுமனே சாத்தித்தான் இருக்கும். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருக்கிறது. நீங்கள் எனக்குத் தெரியாதவராக இருப்பது நல்லதுதான்.

எங்கள் கம்பெனி கரூரில் கிச்சன் டவல் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. நானூறு பேர் வேலை செய்கிறோம். அம்மா பேர் சுகந்தி, பதினேழு வருஷமாக அங்கே டெய்லர். எனக்குப் பதினெட்டு முடிந்து நாற்பது நாள் ஆகிறது. முடிந்த மறுநாளே செக்கிங் டேபிளில் சேர்ந்துவிட்டேன். பிசிறு வெட்டுவது, கறை பார்ப்பது, அடுக்குவது. என் பேர் தர்னிகா.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், டவல் வாங்குகிற நாடுகளில் ஒரு சட்டம் வந்தது. கஷ்டப்படுகிற கையால் செய்த சாமான் எதுவும் அவர்கள் கடையில் இருக்கக் கூடாது. நல்ல சட்டம்தான். கஷ்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு பெட்டி வந்தது, இட்லிக் குண்டான் அளவில். டவலை உள்ளே போட்டு மூடினால், தைத்தவர் கை வேர்வையை மோந்து பார்த்து ஒரு எண் சொல்லும். எங்கள் கம்பெனியில் அதற்கு மூக்கு என்று பேர்.

குணசீலன் அண்ணன்தான் எல்லோரையும் கேன்டீனில் கூட்டி இதை விளக்கினார். அவர் குவாலிட்டி மேனேஜர். அன்றைக்கு அவர் பேசியதை ஆளாளுக்கு நடித்துக் காட்டியே எனக்கு மனப்பாடம்.

"வேர்வைல என்னங்கண்ணா தெரியும்? உப்புதான் தெரியும்" என்று கேட்டாராம் மூன்றாவது லைன் ஜெசிந்தா அக்கா.

"ஓடி வர்ற வேர்வை வேறீங்க்கா, பயந்து வர்ற வேர்வை வேற. நாய்க்குத் தெரியுதில்ல? அது மாதிரி மெஷினுக்கும் தெரியும்."

"அப்ப நாயவே வெச்சுக்கலாமே. ரெண்டு பிஸ்கட்டோட போயிரும்."

சிரிப்பு அடங்கும்வரை அண்ணன் காத்திருந்தார். "ஆனா ஒன்னு. சந்தோசம்னா என்னன்னு மெஷினுக்குத் தானாத் தெரியாது. ஊருக்கு ஊரு தண்ணி வேற, சோறு வேற, வேர்வையும் வேற. அதனால நாம மொதல்ல ஒரு துண்டு தரணும். சந்தோசமா இருக்கற ஆளு தெச்ச துண்டு. அத வாங்கறவங்க சீல் வெச்சு வெச்சுக்குவாங்க. கலருக்கும் அளவுக்கும் அப்ரூவல் சாம்பிள் அனுப்பறோமில்ல, அதே கததான். அப்பறம் போற ஒவ்வொரு துண்டும் அதோட ஒத்துப்போகணும். கொஞ்சம் தள்ளினா மைனர், நெறையத் தள்ளினா மேஜர், ரொம்பத் தள்ளினா கிரிட்டிக்கல். நூத்தி இருவத்தஞ்சு துண்டு எடுத்துப் பாப்பாங்க. கிரிட்டிக்கல் ஒன்னே ஒன்னு இருந்தாலும் மொத்த லாட்டும், அனுப்புன சரக்கு பூராவும், திரும்பிரும்."

எளிதாகப் புரியட்டும் என்று அவரே பேரும் வைத்தார். சலிப்பு மைனர், வருத்தம் மேஜர், பயம் கிரிட்டிக்கல். மெஷினில் எண் மட்டும்தான் வரும். பேரெல்லாம் அண்ணன் உபயம்.

"பசி எதுலீங்கண்ணா வரும்?" என்றார் ஜெசிந்தா அக்கா.

"பசி இன்னும் லிஸ்ட்ல வரலீங்க்கா."

மாதிரித் துண்டு தைக்க யார் என்று கேட்டதும் எல்லோரும் அம்மாவைக் கை காட்டினார்கள். அம்மா தைக்கும்போது பாடுவாள். சுதி சேராது, அதைப் பற்றிக் கவலையும் படமாட்டாள். "சந்தோசம் வீட்லதானுங்க இருக்கும்" என்று சொல்லி, குணசீலன் அண்ணன் ஒரு தையல் மெஷினையே ஆட்டோவில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். மூன்று நாள் சம்பளத்தோடு லீவு. நாலாம் நாள் காலை பத்து மணிக்கு கூரியர் ஆள் வருவான், அதற்குள் ஒரு துண்டு.

முதல் இரண்டு நாள் அம்மா தூங்கினாள். பதினேழு வருஷத்துத் தூக்கம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, சந்தோசமாயிட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். "காலைல குளிச்சுட்டுத் தெம்பாத் தெக்கறேன் கண்ணு" என்று அம்மா தள்ளிப்போட்டாள்.

நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டாள்.

அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். அம்மா முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"கண்ணு... அந்தத் துண்டு. நீ தெச்சு வெச்சுரு."

"துண்டாம்மா இப்ப முக்கியம்?"

"நானூறு பேரு சோறு கண்ணு. உனக்குத்தான் தெக்கத் தெரியுமில்ல."

தைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையையாவது எங்காவது வைக்க வேண்டியிருந்தது. நாலு ஓரமும் மடித்துத் தைத்து, மூலையில் மாட்டுவதற்கு ஒரு காது. ஒவ்வொரு ஓரம் முடிந்ததும் திரும்பி அம்மாவுக்கு மூச்சு ஓடுகிறதா என்று பார்த்தேன். மூன்றாவது ஓரத்தில் அம்மா கண்ணை மூடிவிட்டாள். அந்த ஓரம் எப்படித் தைத்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. தையல் மட்டும் நேராக இருந்தது.

துண்டோடு ஒரு படிவமும் போக வேண்டும். "இதை என் கையால் மனநிறைவோடு தைத்தேன். பொய் என்றால் போலீஸ் நடவடிக்கைக்கு உட்படுவேன். எந்த ஏற்றுமதிக் கம்பெனியிலும் இனி வேலைக்குத் தகுதியில்லாதவள் ஆவேன்." அதன் கீழே அம்மா பெயரைக் கையெழுத்தாகப் போட்டேன். அம்மா மாதிரியே போட்டேன். ஸ்கூல் ரேங்க் கார்டில் பழகின கை. எல்லாவற்றையும் கவரில் போட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினேன்.

குடல்வால் வெடித்திருந்தது. இன்னும் அரை மணி தள்ளியிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். அம்மா பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே குணசீலன் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, மாதிரி அப்ரூவல் ஆகிவிட்டது என்றார். 'மிகத் தெளிவான, அசையாத அளவு' என்று பாராட்டி எழுதியிருந்தார்களாம். கம்பெனி வாசலில் அம்மா போட்டோவை மாட்டினார்கள். கீழே, 'எங்கள் மகிழ்ச்சியான கை.'

துண்டு நான் தைத்தது என்று அம்மாவுக்குத் தெரியும். "யாரு தெச்சா என்ன, ஒரே வீட்டுக் கைதான" என்று விட்டுவிட்டாள். கையெழுத்து விஷயம் தெரியாது.

முதல் லாட்டுக்கு முதலாளி உண்மையாகவே செலவு செய்தார். புது ஃபேன், சாய்ந்து உட்காருகிற நாற்காலி, நாலு மணிக்கு மோர். சூப்பர்வைசர்கள் குரலை உயர்த்தக் கூடாது. கம்பெனியே தன் பங்குக்கு ஒரு மூக்கு வாங்கி வைத்தது. நானூறு பேரும் நிம்மதியாகத் தைத்தார்கள். லாட் மொத்தமும் கிரிட்டிக்கல். இரண்டாவது லாட்டுக்கு மோரில் கொத்தமல்லி போட்டார்கள். அதுவும் கிரிட்டிக்கல்.

அதில் ஒரே ஒரு கட்டு மட்டும் அச்சு அசலாக ஒத்துப்போயிருந்தது. அறுபது துண்டு. குணசீலன் அண்ணன் நோட்டைப் புரட்டி, அது எந்த லைன், எந்த நேரம் என்று தேடிப் பிடித்தார். மூன்றாவது லைனில் பாம்பு வந்த மத்தியானம். பாம்பு எந்த மெஷினுக்கு அடியில் போனது என்று தெரியாமல், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தைத்த துண்டுகள்.

அண்ணன் இரண்டு நாள் யோசித்தார். பிறகு முதலாளியிடம் சொன்னது கம்பெனி முழுக்கப் பரவியது. "நம்ம ஆளுங்களுக்குப் பயந்தாத்தான் நிம்மதி போலீங்க. பதினஞ்சு இருவது வருசமாப் பழகிருச்சு. ஃபேனப் போட்டா அதுங்க மனசு அடிச்சுக்குது."

நாற்காலிகள் குடோனுக்குப் போயின. தினமும் காலையில் நோட்டீஸ் போர்டில் பதினைந்து பேருடைய பெயர்களை ஒட்டினார்கள். மேலே 'பரிசீலனையில்' என்று மட்டும் இருக்கும், எதற்குப் பரிசீலனை என்று இருக்காது. சூப்பர்வைசர்களுக்குக் குரல் திரும்பக் கிடைத்தது.

"மோர மட்டும் நிறுத்தாதீங்கண்ணா" என்றார் ஜெசிந்தா அக்கா.

"மோர் குடிச்சா நாலு பாயின்ட் தள்ளிப் போகுதுங்க்கா. சோதிச்சுப் பாத்துட்டேன்."

அதற்குப் பிறகு ஒரு லாட்டும் திரும்பவில்லை. ஒவ்வொரு துண்டிலும் இப்போது சின்ன லேபிள் இருக்கிறது. இரண்டு கைகள் சிரிக்கிற மாதிரி ஒரு படம், கீழே 'நிறைந்த மனதோடு தைத்தது' என்று அவர்கள் பாஷையில். அதை நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலைதான்.

சேர்ந்த இரண்டாவது நாளே எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் அலமாரியில் சீல் வைத்து வைத்திருப்பது என்னுடைய இருபது நிமிஷம். நானூறு பேரும் தினமும் எட்டு மணி நேரம் அந்த இருபது நிமிஷத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா ஒருத்தியைத் தவிர. செத்துப் பிழைத்து வந்த அம்மாவுக்கு எதற்கும் பயமில்லாமல் போய்விட்டது. போர்டில் அவள் பேரை ஒட்டினால், "எழுத்து அழகா இருக்குது" என்பாள். பாட்டை நிறுத்தவில்லை. அவள் துண்டு அத்தனையும் கிரிட்டிக்கல். மூலையில் சிவப்பு முத்திரை குத்தி உள்ளூர்க் கடைக்குத் தள்ளிவிடுவார்கள். கொஞ்சம் எங்கள் வீட்டுக்கும் வரும். வாசலில் போட்டோ இருப்பதால் அவளை வேலையை விட்டு அனுப்பவும் முடியவில்லை.

போன வாரம் குணசீலன் அண்ணன் என்னை பேக்கிங் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு பாப்பா. மாதிரித் துண்டுக்கு ஒரு வருசந்தான் ஆயுசு. வியாழக்கெழம வாங்கறவங்க சார்புல சோதிக்க கோயம்புத்தூர்ல இருந்து ஒரு மேடம் வர்றாங்க. அதே கை, அவங்க கண்ணு முன்னால, மறுபடி ஒன்னு தெக்கணும். ஒத்துப்போனா மூனு வருசத்துக்கு ஆர்டர். ஒத்துப்போகலீன்னா கம்பெனியே இல்ல. உங்கம்மா எதுக்குப் பயப்படுவாங்க? சொல்லு."

"எதுக்கும் பயப்படமாட்டாங்கண்ணா."

"கரப்பான்பூச்சி?"

"வெறுங்கையில புடிச்சு வெளிய போடுவாங்க."

"பேய்?"

"சிரிப்பாங்க."

"மேனேஜரு?"

நான் அவரையே பார்த்தேன்.

"சரி விடு" என்றார். பிறகு மெதுவாக, "உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்றார்.

நான் எழுந்துவிட்டேன்.

"ஒன்னும் பண்ணப் போறதில்ல பாப்பா. வியாழக்கெழம நீ லீவு போடு. போன ஆஃப் பண்ணிக்கோ. அம்மா மெஷின்ல உக்காந்ததும் நான் போயி, அமராவதி பாலத்துல பஸ்ஸு கவுந்துருச்சாம்னு மட்டும் சொல்லுவேன். பத்து நிமிசம். தெச்சு முடிச்சதும் 'அது வேற பஸ்ஸாம்'னு சொல்லிருவேன்."

"பாவமுங்கண்ணா."

"எனக்கு மட்டும் ஆசையா? எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது." தன் கையை விரித்துப் பார்த்தார். "போன மாசம் வெளயாட்டுக்கு என்ற கர்ச்சீப்பப் போட்டுப் பாத்தேன். பாஸ் ஆயிருச்சு."

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாலம், பஸ், இருபது நிமிஷம், அலமாரியில் இருப்பது என்ன என்பது வரை.

அம்மா சிரித்தாள். "அடப் பைத்தியமே. இதுக்கா ஒரு வாரமா ஒழுங்காத் திங்காமத் திரிஞ்சே?"

"நானூறு பேரும் என்னாலதாம்மா பயந்துக்கிட்டு இருக்காங்க."

"உன்னாலயா? பயந்தா பாஸுன்னு தெரிஞ்சதும் பயமுறுத்துங்கன்னு சொன்னது நீயா? அம்மா சாகப் போறாளேன்னு புள்ள பயந்துது. அது தப்பா?" கண்ணைப் புறங்கையால் துடைத்தாள், வெங்காயம்தான். "நாளைக்கு அந்த மேடத்துக்கிட்ட நானே நேராச் சொல்லிப்புடறேன். நான் தெக்கலீங்க, என்ற புள்ள பயந்துக்கிட்டே தெச்சது, அதத் தூக்கிப் போட்டுட்டு இதப் புடிங்கன்னு, பாட்டுப் பாடிக்கிட்டே புதுசா ஒன்னு தெச்சுக் குடுக்கறேன். அதுக்கப்பறம் எல்லாரும் மோரக் குடிச்சுக்கிட்டு நிம்மதியாத் தெக்கட்டும்."

அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"சொல்ல முடியாதும்மா" என்றேன். "படிவத்துல கையெழுத்து..."

"என்ன கையெழுத்து?"

"உன் கையெழுத்து. நான் போட்டேன்."

அரிவாள்மனையில் அம்மா கை நின்றது. "அதுல என்ன எழுதியிருந்துது?"

சொன்னேன். எனக்கு அது மனப்பாடம்.

"போலீஸு உன்னயவா புடிப்பாங்க?"

"ஆமா."

"எந்த எக்ஸ்போர்ட்டுலயும் வேல கெடைக்காதா? எப்பவுமா?"

"எப்பவும்."

அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு தடவை இடித்துத்தான் உள்ளே போனது.

இன்று காலை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். என்னைப் பார்த்ததும் குணசீலன் அண்ணன் தலையில் கை வைத்தார். "ஏம் பாப்பா வந்தே? நாசமாப் போச்சு போ!"

நிரஞ்சனா மேடம் ஒன்பது மணிக்கு வந்தார். நல்ல மாதிரி. எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசினார். அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கேமராவை நிறுத்தி வைத்து, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அந்தப் படிவம்.

"அக்கா, இது உங்க கையெழுத்துதானுங்களே?"

அம்மா படிவத்தைப் பார்த்தாள். தலையைத் தூக்கிச் செக்கிங் டேபிள் பக்கம், என்னைப் பார்த்தாள். நான் பிசிறு வெட்டுகிற கத்திரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்க" என்றாள். "என்றதுதான்."

தைத்தாள். பாடவில்லை. ஒவ்வொரு ஓரம் முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். நாலு ஓரம், நாலு தடவை. பிறகு காது.

மேடம் துண்டை மூக்குக்குள் போட்டு மூடினார். குணசீலன் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டி வழக்கமாக எடுத்துக்கொள்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"அட!" என்றார் மேடம். "பூஜ்யம்! தள்ளவே இல்ல. நானும் முப்பது கம்பெனி பாத்துட்டேனுங்க. ஒரு வருசம் கழிச்சு இப்படி ஒத்துப்போனத இப்பத்தான் பாக்கறேன்." அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்னங்க்கா ரகசியம்?"

"என்ற புள்ளைய நெனச்சுக்கிட்டுத் தெச்சேனுங்க."

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த லேபிளில் அது வரும் என்று நினைக்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் என்னிடமும் தனியாக, "நீங்க இங்க சந்தோசமா இருக்கீங்களா? பயப்படாமச் சொல்லுங்க" என்று கேட்டார்.

"இருக்கேனுங்க மேடம்" என்றேன். டிக் போட்டுக்கொண்டார்.

ஆர்டர் மூன்று வருஷத்துக்கு. கேன்டீனில் கேசரி போட்டார்கள். குணசீலன் அண்ணன் என்னைத் தூண் மறைவுக்குக் கூப்பிட்டார்.

"அம்மாகிட்ட என்ன பாப்பா சொன்னே?"

"ஒன்னும் சொல்லலீங்கண்ணா."

"என்னமோ சொல்லியிருக்கே." என் தட்டில் தன் கேசரியையும் வைத்தார். "அது என்னவோ, வாரம் ஒருக்கா சொல்லிப்போடு."

மத்தியானத்துக்கு மேல் அம்மா தைத்தது ஒரு கட்டு. என் டேபிளுக்குத்தான் வந்தது. அறுபதும் பாஸ். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் துண்டில் நான் லேபிள் ஒட்டினேன்.

இப்போது மறுபடி எழுந்து கதவுப் பக்கம் போகிறாள். நாலாவது தடவை.

சமையல்கட்டில் அவளுடைய பழைய ரிஜெக்ட் துண்டுகள் பதினொன்று இருக்கின்றன. எண்ணிப் பார்த்துவிட்டேன். அதில் இன்னும் துவைக்காதது மூன்று. ஒன்றை எடுத்து வந்து முகத்தில் போட்டுப் படுத்திருக்கிறேன். சிவப்பு முத்திரை கன்னத்தில் சொரசொரவென்று படுகிறது. மூக்கு அளவுக்கு எனக்கு மோப்பம் பிடிக்கத் தெரியாது. எனக்குப் புதுத் துணி வாசம் மட்டும்தான் அடிக்கிறது. இருந்தாலும் கொஞ்சம் தூக்கம் வருகிற மாதிரி இருக்கிறது.

மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு இனிமேல் ரிஜெக்ட் வராது.